பாதரசம் மாற்றிய சுபாவம்

ஆத்தூர் காமராஜர் அணைக்கரையில் நின்றால் மேற்கே வானத்தை அடைத்துக்கொண்டு தெரிகிறது பழனி மலைத்தொடரின் கீழ்மலை. அந்த மலையில் பெய்கிற மழை ஒரே திசையில் இறங்குவதில்லை. ஒரு பங்கு குடகனாறாகத் திரண்டு, காமராஜர் அணையை நிரப்பி, திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்து, மிச்சம் அமராவதி வழியே காவிரியைத் தேடிப் போகிறது. தெற்குச் சரிவில் விழும் மழையோ பாம்பாறு போன்ற ஓடைகளில் இறங்கி வைகைப் படுகைக்குச் சேர்ந்துவிடுகிறது. அந்தத் தெற்குச் சரிவின் மேல்விளிம்பில், கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலையில், ஏறக்குறைய 18 ஆண்டுகள் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஓடியது. நாம் மூச்சில் இழுப்பதும் வாயில் போடுவதும் கையில் தொடுவதும் நம் மனதை என்ன செய்யும் என்று அறிய விரும்புகிறவர் ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே அதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். அந்த ஆலையின் வடிகால் ஆத்தூர் அணையின் பக்கம் வருவதில்லை. அணைத் தண்ணீரில் பாதரசம் கலந்துவிட்டதென்று யாரும் பதறத் தேவையில்லை. இந்தக் கதையில் முதலில் அடிவாங்கியது ஆலைக்குள் நின்று மூச்சுவிட்டவர்களின் நுரையீரலும் மூளையும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய ஒரு தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தன. கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். பின்னர் ஆலை யூனிலீவர் குழுமத்தின் இந்துஸ்தான் லீவர் வசம் போனது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. தயாரான தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே திரும்பிப் போயின. இங்கே தங்கியது உடைந்த கண்ணாடியும், சிந்திய பாதரசமும், அதன் ஆவியும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு சாக்குச் சாக்காகக் கிடப்பதை ஊர் மக்களும் சூழலியல் அமைப்பினரும் கண்டுபிடித்தார்கள். சுமார் 7 டன். அந்த மாதமே ஆலை நின்றது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பாதரச மீட்பு ஆலைக்கு அனுப்பப்பட்டது. ஏழை நாட்டுக்கு நஞ்சை ஏற்றி அனுப்புவதுதான் உலக வழக்கம். அந்த வழக்கம் தலைகீழான மிகச் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

தெர்மாமீட்டர் செய்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முடி அளவே துளையுள்ள கண்ணாடிக் குழாய். அதன் நுனிக் குமிழுக்குள் பாதரசத்தை ஏற்ற வேண்டும். சூடுபடுத்தி, அளவுக்கு மேல் உள்ளதை வெளியேற்றி, வாயை உருக்கி மூட வேண்டும். கண்ணாடி என்பதால் உடைசல் தவிர்க்க முடியாதது. உடைந்ததிலிருந்து தெறிக்கும் பாதரசம் கடுகு மணிகளாகத் தரையில் உருண்டு, மேசை இடுக்கிலும் தரை வெடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். அதைத் துடைப்பத்தால் கூட்டினால் ஒரு மணி நூறு மணியாகச் சிதறும். சிதறினால் பரப்பு கூடும். பரப்பு கூடினால் ஆவி கூடும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் சட்டை மடிப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு அது பிள்ளைகள் படுக்கும் பாய் வரைக்கும் போகும். வேலைக்குச் சேர்ந்தபோது பாதரசத்தின் ஆபத்தை யாரும் தங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்பது முன்னாள் தொழிலாளர்கள் திரும்பத் திரும்ப வைத்த குற்றச்சாட்டு.

பாதரசத்தைக் கண்டு பயப்படாததற்கு நம் பக்கம் இன்னொரு காரணமும் இருக்கிறது. அது நமக்குப் பழகிய பொருள். போகர் நவபாஷாணத்தால் முருகன் சிலையை வடித்தார் என்பது பழனியின் நம்பிக்கை. பாதரசத்தைக் கட்டிய ரசமணி கோத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் பாதரசத்தைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வதும் அதே சித்த மருத்துவ மரபுதான். அந்தக் கண்டிப்பை மறந்துவிட்டு, வெள்ளியாக மின்னும் அந்தத் துளியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளங்கையில் உருட்டி விளையாட விட்டிருக்கிறோம்.

இனி அறிவியலுக்கு வருவோம். உலோகப் பாதரசத்தைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் அது குடலைக் கடந்து வெளியே போய்விடும். உடலில் சேர்வது மிக மிகக் குறைவு. மூச்சில் இழுத்தால் நிலைமை வேறு. உள்ளே போகும் ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. மணமில்லை, நிறமில்லை, தொண்டையில் எரிச்சலில்லை. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அதாவது கொடைக்கானலின் சாதாரணப் பகல் நேரத்தில், மூடிய அறையில் திறந்து கிடக்கும் பாதரசம் காற்றை நிரப்ப விட்டால் 1 கன மீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம் வரை ஏறும். தொழிற்கூடங்களுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் பரிந்துரைக்கும் வரம்பு 0.025 மில்லிகிராம். வரம்பைப்போல் 500 மடங்கு நஞ்சு காற்றில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது.

மூளையைச் சுற்றி உடல் ஒரு காவல் வைத்திருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கண்ட கண்ட பொருளும் நரம்புத் திசுவுக்குள் நுழையாதபடி தடுக்கும் மெல்லிய செல் சுவர் அது. பாதரச ஆவிக்கு மின்னூட்டம் இல்லை. கொழுப்பில் கரையும் தன்மை உண்டு. அதனால் அந்தச் சுவரைத் தடையின்றிக் கடக்கிறது. உள்ளே போனதும் செல்லில் உள்ள ஒரு நொதி அதை மின்னூட்டம் பெற்ற அயனியாக மாற்றிவிடுகிறது. அயனியாக மாறியது வந்த வழியே திரும்ப முடியாது. மூளைக்குள் சிறைப்பட்ட பாதரசம் கந்தகம் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. நம் நொதிகளில் பலவற்றுக்கும், நரம்பு செல்லுக்கு வடிவம் தரும் இழைகளுக்கும் கந்தகப் பிணைப்புதான் ஆதாரம். ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட்டைத் தேவை முடிந்ததும் உறிஞ்சி அப்புறப்படுத்தும் வேலையும் இதனால் கெடுகிறது. செய்தி ஓய வேண்டிய இடத்தில் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

இதன் விளைவு கையில் தெரியும் முன்பே பல சமயம் குணத்தில் தெரிந்துவிடுகிறது. 1861-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மாவுல், கண்ணாடிக்குப் பாதரசம் பூசும் தொழிலாளர்களைக் கவனித்து ஒரு பெரிய நூலே எழுதினார். முன்பு கலகலப்பாகப் பழகியவர் அந்நியர் முன்னால் வேலை செய்யக் கூசுகிறார்; யாராவது உற்றுப் பார்த்தால் கை ஓடுவதில்லை; சின்னச் சொல்லுக்குப் பெரிய கோபம்; அப்புறம் அழுகை; இரவில் தூக்கமில்லை; நேற்றுச் சொன்னது இன்று நினைவில்லை. இந்தத் தொகுப்புக்கு மருத்துவத்தில் எரீத்திசம் என்று பெயர். கை நடுக்கமும் ஈறு வீக்கமும் கூடவோ பின்னாலோ வரும். முயல் தோலின் மயிரை ஃபெல்ட் துணியாக்கப் பாதரச நைட்ரேட் பூசிய தொப்பித் தொழிலாளர்களுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் டான்பரி என்ற தொப்பி நகரத்தின் பெயரிலேயே ஒரு நடுக்க நோய் வழங்கியது. இந்தப் பாதிப்பு இன்னதென்று பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தும், அங்கே தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது 1941-இல்தான். மருத்துவம் அறிந்த உண்மை தொழிற்கூடத்தின் வாசலைத் தாண்ட 80 ஆண்டுகள் பிடித்திருக்கிறது. அதற்கும் 40 ஆண்டுகள் கழித்து அதே உலோகம் கொடைக்கானலுக்கு வந்தது.

கொடுமை எங்கே இருக்கிறதென்றால், இந்த அறிகுறிகள் எதுவும் நோய்போலத் தெரிவதில்லை. ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தால் கண்ணில் தெரியும். வீட்டார் பதறி மருத்துவமனைக்குத் தூக்கிப் போவார்கள். ஒருவர் திடீரென்று முன்கோபியாக மாறினால், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்தால், நம் வீடுகளில் என்ன பேச்சு எழும்? “ஆளே மாறிட்டான்”, “வீட்டுல சண்டை”, “குடிதான் காரணம்”, “யார் கண்ணு பட்டுச்சோ”. அதிகம் போனால் ஒரு மந்திரிப்பு, ஒரு தாயத்து, ஒரு தூக்க மாத்திரை. நஞ்சு செய்த வேலைக்கு மனிதர் பழி சுமக்கிறார். மனைவி பிரிந்து போகலாம். வேலையிலிருந்து ‘ஒழுங்கீனம்’ என்று நிறுத்தப்படலாம். அவருடைய மூளையில் ஒரு உலோகம் உட்கார்ந்திருக்கிறது என்பது யாருக்கும் தோன்றாது. சுற்றுச்சூழல் நஞ்சைப் பற்றிப் பேசும்போது புற்றுநோயையும் சிறுநீரகத்தையும் எண்ணும் நாம், உடைந்துபோன குடும்பங்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கொடைக்கானல் விவகாரத்தில் கணக்கு கடைசிவரை சர்ச்சையாகவே இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் ஆலையைச் சுற்றியுள்ள மரப்பாசிகளிலும் கற்பாசிகளிலும், பின்னர் கொடைக்கானல் ஏரியிலும் பாதரசம் இருப்பதை அளந்து 2003-இலும் 2006-இலும் வெளியிட்டார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்துக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் தன் தரப்பு ஆய்வுகளைக் காட்டி வாதாடியது. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழு 2011-இல் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கு ஆதாரம் உண்டென்று அறிக்கை தந்தது. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் உலகெங்கும் பரவிய பிறகு, 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரும் தொகை என்று நிறுவனம் அதைச் சொன்னது. ஆலை நின்று 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்படிப்பட்ட வழக்குகளில் அறிவியல் எங்கே தடுமாறுகிறது என்பதையும் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதி சுமார் 2 மாதத்தில் வெளியேறிவிடும். வேலையை விட்டு ஓரிரு ஆண்டு கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் அளவு சாதாரணமாகவே இருக்கும். மூளையில் தங்கியது மட்டும் பல ஆண்டு நகராது. அதனால் ஏற்பட்ட சேதமும் சிறுநீரில் எழுதப்பட்டிருக்காது. “இப்போது உடம்பில் பாதரசம் இல்லை” என்பது “அப்போது பாதிப்பு இல்லை” என்பதற்குச் சான்றாகாது. வேலை நடக்கும்போதே மாதந்தோறும் அளந்து, அந்தத் தாளைத் தொழிலாளியின் கையில் கொடுத்திருந்தால் மட்டுமே நியாயமான கணக்கு கிடைத்திருக்கும்.

பாதரசம் தனி ஆள் இல்லை. காரீயம் அதன் உறவு. குழந்தைகளின் மூளைக்கு மிகக் கொடியது. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசக் கால்சியம் தேவை. காரீய அயனி கால்சியத்தைப்போலவே நடிக்கும். திண்டுக்கல் பூட்டுக்குப் போலிச் சாவி செய்து நுழைப்பதுபோல, கால்சியத்துக்கென்று இருக்கும் துளைகளில் அது நுழைந்து, கதவைத் தப்பான நேரத்தில் திறக்கவும் மூடவும் வைக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். அவர்களில் பலருக்கு 11 வயதில் ரத்தக் காரீயம் அளக்கப்பட்டது. அக்காலத்து பெட்ரோல் புகையிலிருந்து வந்த காரீயம் அது. 2019-இல் வெளியான முடிவு: சிறு வயதில் காரீயம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நடுத்தர வயதில் மனநலச் சிக்கல்களும், பதற்றமும் எரிச்சலும் மிகுந்த குணப்போக்கும் கூடுதலாக இருந்தன. வேறுபாடு பெரிதல்ல, ஆனால் ஒரு தலைமுறை முழுவதும் சுவாசித்த பொருள் என்கிறபோது சிறிய வேறுபாடும் பெரிய எண்ணிக்கையாகிவிடும்.

இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. வீட்டுப் பெயின்டில் காரீயத்துக்குப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் 2020-இல் யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாகக் கணித்தது. அதில் கணிசமான பங்கு இந்தியக் குழந்தைகள். பழைய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்குவது முக்கிய வழி. நம் சமையலறையில் இன்னொரு வழி இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு சுத்தமான வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. விலை குறைய வேண்டுமென்று காரீயம் கலந்துவிட்டால், புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். ரசத்தின் மணம் அந்தச் சொம்பில்தான் என்பவர்கள் நம்பகமான கடையில் சோதனைச் சான்றோடு வாங்கலாம். அது கிடைக்காவிட்டால் எவர்சில்வரில் வைக்கும் ரசமே குழந்தைக்கு நல்லது.

ஆத்தூர், நிலக்கோட்டை, செம்பட்டி சுற்றுவட்டாரத்தில் நஞ்சு வேறு வழியாக வருகிறது. மல்லிகை, செவ்வந்தி, திராட்சை, கத்தரி, தக்காளி என்று பூச்சி மருந்தடிக்காமல் கைக்கு வராத பயிர்கள் நிறைந்த பூமி இது. முதுகில் தெளிப்பான் டேங்க், மூக்கில் துண்டு, காலில் செருப்புகூட இல்லை. டேங்க் மூடி கசிந்து முதுகு நனைந்திருக்கும். காற்று திசை மாறினால் முகத்தில் அடிக்கும். கையைத் தண்ணீரில் அலம்பிவிட்டு வரப்பிலேயே சாப்பாடு. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளுக்குத் தோலே போதுமான வாசல். பூச்சியின் நரம்பில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அவை முடக்குகின்றன. அதே நொதி மனிதனுக்கும் இருக்கிறது. அன்றைக்குத் தலைவலி, வாந்தி, கண் மங்கல் என்று வந்து மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிட்டதென்றே நினைப்போம். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-இல் தொடங்கி சுமார் 89,000 விவசாயிகளையும் மருந்தடிப்பவர்களையும் அவர்களின் துணைவர்களையும் பின்தொடரும் ஆய்வு வேறு செய்தி சொல்கிறது. ஒரு தடவையாவது மருந்து நஞ்சேறியவர்களிடம் மனச்சோர்வு நோய் மற்றவர்களைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தது.

கலிபோர்னியாவில் 1974-லிருந்தே இவ்வகை மருந்து அடிக்கும் கூலியாட்களுக்கு ரத்தத்தில் அந்த நொதியின் அளவைச் சோதிக்க வேண்டுமென்று விதி உண்டு. அளவு ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். சோதனை கடினமானதல்ல. பூ விவசாயமும் காய்கறியும் மாவட்டத்துக்கே சோறு போடும் இந்த ஊர்களில் அப்படியொரு வழக்கம் வேரூன்றாமல் போனது பெரிய குறை.

சின்னாளபட்டி சேலையின் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. ஊருக்குப் பேர் வாங்கித்தந்த செயற்கைப் பட்டு நூலின் மூலம் மரக்கூழ். அதைக் கரைத்து நூலாக இழுக்கக் கார்பன் டைசல்பைடு என்ற திரவம் வேண்டும். அது தறிக்காரருக்குத் தொல்லை தருவதில்லை. நூல் அவர் கைக்கு வரும்போது அந்த ஆவி போய்விட்டிருக்கும். நூல் செய்யும் ஆலையில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. 1856-இலேயே பாரிஸ் மருத்துவர் ஓகுஸ்த் டெல்பேக், ரப்பர் வேலையில் இதே ஆவியைச் சுவாசித்தவர்களிடம் கொடுங்கனவு, வெறிக்கோபம், நினைவு மங்கல் ஆகியவற்றைக் கண்டு எழுதினார். தென்கொரியாவில் வோன்ஜின் ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு, 1993-இல் ஆலை மூடப்பட்டது. அதன் பழைய இயந்திரங்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. மூடிய பிறகு சீனாவுக்குப் போயின. வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த இயந்திரங்களின் பயணமும் இந்த வரிசைதான். ஒரு நாட்டில் கட்டுப்பாடு இறுகும்போது ஆபத்தான தொழில் கட்டுப்பாடு தளர்ந்த நாட்டைத் தேடி நகர்கிறது.

திண்டுக்கல் என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் மாசு தோல் ஷாப்புகளின் கழிவு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆனால் தோல் பதனிடும் குரோமியத்தைப் பாதரசத்தோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது. குரோமியத்தின் கடுமையான வடிவம் தோலையும் நுரையீரலையும் தாக்குவது உறுதியாகத் தெரியும். அது நேரடியாக மனதைக் குலைக்கிறது என்பதற்கு அத்தனை வலுவான சான்று இல்லை. எல்லா நஞ்சின் மீதும் எல்லாக் குற்றத்தையும் ஏற்றினால், உண்மையான குற்றவாளி தப்பிக்க வழி கிடைக்கும்.

அதற்காக, கெட்டுப்போன கிணற்றுக்கும் மனதுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அது இன்னொரு பாதை. தாத்தா வெட்டிய கிணற்றில் உப்பும் நிறமும் ஏறி, தென்னை கருகி, நிலத்தை விற்கவும் ஆளில்லாமல், குடிக்கக் குடம் 10 ரூபாய் கொடுத்து வாங்கும் நிலைக்கு ஒரு விவசாயி வரும்போது, நரம்பில் நஞ்சு ஏறாமலேயே மனம் நொறுங்கும். அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் 2014-இல் குடிநீரில் காரீயம் கலந்தது. 5 ஆண்டு கழித்து அந்நகரத்துப் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய்க்கான அளவுகோல் பொருந்தியது. அவர்கள் குடித்த காரீயத்தின் நேரடி வேலை எவ்வளவு, அரசு ஏமாற்றிவிட்டது என்ற வேதனை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. போபாலிலும் அதுதான். 1984 டிசம்பர் விஷவாயு விபத்துக்குச் சில மாதம் கழித்து லக்னோ மருத்துவர்கள் அங்குள்ள கிளினிக்குகளுக்கு வந்தவர்களைச் சோதித்தபோது 22 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு மனநோய் இருந்தது. கண்ணெரிச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த முகாம்களில் அதைக் கேட்க ஆள் இல்லாமல் இருந்தது.

காற்றின் மாசைப் பற்றி இப்போது நிறைய ஆய்வுகள் வருகின்றன. மூச்சுக்குழாயில் தங்காமல் ரத்தத்துக்கே போகும் நுண்துகள்கள் அதிகமுள்ள ஊர்களில் மனச்சோர்வும் கூடுதலாக இருப்பதை 2019-இல் வெளியான ஒரு பெரும் தொகுப்பாய்வு காட்டியது. மெக்சிகோ நகரத்தில் இறந்தவர்களின் மூளையில் வாகனப் புகையிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இரும்பு ஆக்சைடுத் துகள்களையே 2016-இல் கண்டார்கள். இந்தத் துறை இன்னும் வளர்கிறது. பாதரசத்தில் இருக்கும் உறுதி இதில் வர நாளாகும்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காரணங்கள் பல. பரம்பரை, வறுமை, வன்முறை, இழப்பு, குடி எல்லாம் உண்டு. மனநோய் என்றாலே நஞ்சுதான் என்று முடிவு கட்டி, உடலிலிருந்து உலோகத்தை ‘எடுத்துவிடுகிறேன்’ என்று விளம்பரம் செய்பவரிடம் காசைக் கொட்டுவது இன்னொரு ஆபத்து. உலோகத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் ரத்தத்திலோ சிறுநீரிலோ அளவை உறுதி செய்த பிறகு, மருத்துவமனையில், நிபுணர் கண்காணிப்பில் தர வேண்டியவை. சிறுநீரகத்தைப் பாழாக்கும் திறன் அவற்றுக்கும் உண்டு. மனநல மருத்துவர் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்தவும் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டரில் அரை கிராமிலிருந்து 1 கிராம் வரை பாதரசம் இருக்கும். பழைய ரத்த அழுத்தக் கருவியில் 80 கிராமுக்கும் மேல். உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். துடைப்பத்தையும் வேக்குவம் கிளீனரையும் தொடவே கூடாது. தடித்த அட்டையால் மணிகளை ஒன்றாகத் தள்ளி, மிச்சத்தை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, இறுக மூடும் புட்டியில் போட்டு, குப்பையில் வீசாமல் மருத்துவமனைக் கழிவுப் பிரிவில் கேட்டுக் கொடுக்க வேண்டும். அடுப்பில் போட்டுச் சூடாக்குவது உயிருக்கே உலை வைக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் இன்று எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. பாதரசத்தை வீட்டில் வைத்திருக்கக் காரணமே இல்லை.

பெரிய வேலை மருத்துவர் மேசையில் இருக்கிறது. 1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தன் நூலில் மற்ற மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார்: நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் கேளுங்கள் என்று. ஆத்தூர் வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், மாவட்ட மனநலத் திட்ட முகாம்களிலும் இந்தக் கேள்வி நோயாளிச் சீட்டிலேயே அச்சாக வேண்டும். எந்த வேலை, எத்தனை ஆண்டு, எந்த மருந்து அடிக்கிறீர்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர், வேலை உடையை எங்கே துவைக்கிறீர்கள். இதைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சோதனைக்கு வசதி இருக்க வேண்டும். பக்கத்தில் மதுரை இருக்கிறது என்ற சமாதானம் கூலிக்காரருக்கு உதவாது.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருடைய குணம் சில மாதங்களில் மாறியிருந்தால், அவர் செய்யும் வேலையையும் அங்கே கையாளும் பொருளின் பெயரையும், முடிந்தால் அந்த மருந்துப் பாட்டிலின் லேபிளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, நாளெல்லாம் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.